ஓர்க் குட்டியை என்ன செய்வது?

கேரி கைகாக்ஸ் எழுதி 1979-80 வாக்கில் வெளிவந்த 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' என்னும் சிறிய சாகச நூல், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்தே விற்கப்பட்டது. ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் இதை வைத்துத்தான் ஆடப் பழகினார்கள். எல்லைக் கோட்டை ஒன்று, அதற்கு அருகே ஒரு பள்ளத்தாக்கு, அதன் சரிவுகளில் குகைகள். ஒரு குகையில் கோபோல்டுகள், இன்னொன்றில் காப்ளின்கள், வேறொன்றில் ஓர்க்குகள் எனக் கற்பனை அரக்க இனங்கள். உள்ளே போய், எதிர்ப்படுவதை வெட்டி, பொன்னை அள்ளி வர வேண்டும். ஆனால் சில அறைகளின் விவரத்தில் ஆண்கள் இத்தனை பேர் என்பதோடு பெண்கள் இத்தனை, குட்டிகள் இத்தனை என்றும் எண்ணிக்கை தரப்பட்டிருக்கிறது. குட்டிகள் சண்டையிட மாட்டா என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்களைக் கொன்று முடித்த பிறகு மூலையில் ஒடுங்கி நிற்கும் அந்தக் குட்டிகளை என்ன செய்வது? அரை நூற்றாண்டு காலமாக இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சலிக்காமல் விவாதித்துவரும் கேள்வி இது. கற்பனை உயிர்களின் அறம் பற்றி எழுதப்பட்ட விதிகள் அத்தனையும் இந்தக் கேள்வியில் வந்துதான் இடறுகின்றன.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. ஒருவர் மட்டும் டஞ்சன் மாஸ்டர். உலகத்தையும் அதிலுள்ள எதிரிகளையும் அவர்தான் பேசி நடத்துவார். பகடை விழுவதைப் பொறுத்துக் கதை நகரும். கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. இதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும், ஒவ்வோர் உயிரினத்துக்கும் 'அலைன்மென்ட்' என்று ஓர் அறச்சார்பு குறிக்கப்படும். அந்த ஒரு வரிதான் இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கத்தில் அது அறத்தைப் பற்றிய குறிப்பாகவே இருக்கவில்லை. 1974-இன் முதல் நூலில் மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலிலிருந்தும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலிருந்தும் வந்த பிரிவினை அது. அண்டத்தில் இரண்டு பெரும் சக்திகள் மோதுகின்றன, யார் எந்த அணியில் நிற்கிறார் என்பதே கேள்வி. இவ்விளையாட்டுக்கு முன்னோடி 1971-இல் வந்த 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டு. பொம்மைப் படைகளை இரு தரப்பாகப் பிரிக்க அதற்கு ஒரு பட்டியல் தேவைப்பட்டது. 1974 பட்டியலில் மனிதர்கள் மூன்று பத்திகளிலும் இருக்கிறார்கள், அதில் வியப்பில்லை. ஓர்க்குகளும் நடுநிலை, குழப்பம் என்ற இரண்டு பத்திகளில் இருக்கின்றன. ஆக, முதல் நூலின்படியே ஓர்க் என்ற இனத்துக்கு ஒரே நிலைப்பாடு கிடையாது.

நன்மை, தீமை என்ற இரண்டாவது அச்சை 1976-இல் ஒரு கட்டுரை வழியாகக் கைகாக்ஸ் சேர்த்தார். 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. ஒருபுறம் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். மறுபுறம் நன்மை, நடுநிலை, தீமை. இன்று சினிமா நாயகர்களையும் அரசியல்வாதிகளையும் இணையத்தில் ஒன்பது கட்டத்தில் அடைத்துப் போடும் படங்கள் இதன் வழித்தோன்றல்கள்தான். மனிதப் பாத்திரத்துக்கு இந்தக் கட்டம் நல்ல கருவி. சட்டத்தை மதிக்கும் கொடியவனும் சட்டத்தை மீறும் நல்லவனும் எப்படி இருப்பார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளையை யோசிக்க வைக்கும். கோளாறு, அதே கட்டத்தை ஓர் இனம் முழுவதன் மீதும் முத்திரையாகக் குத்தியபோது தொடங்கியது. அந்தக் கையேட்டுக்கு ஓராண்டு முன்பே, 1977-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ஓர்க்கின் உயரம், பலம், ஆயுதம் ஆகியவற்றோடு சேர்த்து, ஒழுங்கு சார்ந்த தீமை என்ற வரியும் வந்துவிட்டது. எந்த அணியில் நிற்கிறது என்பதைச் சொன்ன சொல், எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கியது.

மந்திரங்கள் இதை இன்னும் இறுக்கின. பாலடின் என்ற தெய்வ வீரனுக்குத் தீமையை உணரும் ஆற்றல் உண்டு. கதவுக்கு அப்பால் தீமை இருக்கிறதா என்று அவன் மனத்தைக் குவித்தால் தெரிந்துவிடும். ஒரு செயலைப் பார்த்து, காரணம் கேட்டு, பிறகு தீர்ப்புக்கு வருவதுதான் அறம் நடக்கிற வழி. இங்கே தீர்ப்பு முதலில் வருகிறது, வாள் அதன் பின்னால் வருகிறது, கேள்வி வருவதே இல்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் இந்த ஆற்றலை மாற்றி, பிசாசுகள், தேவகணங்கள், செத்தும் நடமாடுபவை போன்றவற்றை மட்டும் உணர்வதாக ஆக்கினார்கள். சிறிய திருத்தம்தான், ஆனால் மிகச் சரியான திருத்தம்.

ஓர்க்குகளை இவ்விளையாட்டுக்குத் தந்தவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். இந்தக் குழியை எல்லாரையும்விட முன்னதாகக் கண்டவரும் அவரே. தீமையால் எதையும் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்கத்தான் முடியும் என்பது அவருடைய கத்தோலிக்க நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குகள் கெடுக்கப்பட்ட எல்ஃபுகளாகவோ மனிதர்களாகவோ இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவற்றுக்கும் ஆன்மா உண்டு, மீட்சிக்கும் வழி உண்டு. 1954-இல் ஒரு வாசகருக்கு எழுதத் தொடங்கிய கடிதத்திலேயே இந்தச் சிக்கலோடு அவர் மல்லாடுவதைக் காணலாம். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்குள்ளும் ஓர் இடம் இருக்கிறது. ஷாக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க் தலைவர்கள் காவல் பணிக்கு நடுவே பேசிக்கொள்கிறார்கள். மேலிடத்தைக் குறைசொல்கிறார்கள். போர் முடிந்தால் நம்பகமான சில ஆட்களோடு பெரிய எஜமானர்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று கனவு காண்கிறார்கள். அங்கேயும் கொள்ளையடித்துத்தான் பிழைக்கப் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் எஜமானை வெறுக்கத் தெரிந்த உயிர், வேறொரு வாழ்வை நினைத்துப் பார்க்கத் தெரிந்த உயிர், வெறும் கருவியாக இருக்க முடியாது. டோல்கீன் 1973-இல் இறக்கும்வரை இதற்கு முடிவான விடை காணவில்லை. அவர் மகன் கிறிஸ்டோஃபர் 1993-இல் பதிப்பித்த 'மார்காத்ஸ் ரிங்' தொகுதியில் உள்ள பிற்காலக் குறிப்புகளில் விதவிதமான தோற்றக் கதைகளை அவர் முயன்று பார்த்திருப்பது தெரிகிறது. தோற்றம் எதுவானாலும் ஒன்றில் மட்டும் அவர் உறுதியாக இருந்தார்: பிடிபட்ட ஓர்க்குகளைச் சித்திரவதை செய்யக் கூடாது, சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால், நமக்கு இழப்பு வந்தாலும் தந்தே ஆக வேண்டும்.

இதற்கு நேர் எதிரில் கைகாக்ஸை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2005-இல் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கும்போது, சரணடைந்த எதிரியைப் பாலடின் கொல்லலாமா என்ற பேச்சு வந்தது. கொல்லலாம் என்ற பக்கம் நின்றவர், ஈர்தான் பேனாகிறது என்ற பொருளில் கர்னல் ஷிவிங்டன் பெயரோடு வழங்கும் சொல்லைத் துணைக்கு இழுத்து, அது கண்கூடான உண்மை என்றும் சொன்னார். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக் கரையில் ஷெயான், அரபாஹோ பழங்குடி மக்களைப் படுகொலை செய்த படைக்குத் தலைமை தாங்கியவர்தான் இந்த ஷிவிங்டன். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கைகாக்ஸ் இந்த விளையாட்டின் தந்தை. அவருடைய கற்பனைக்கு என் தலைமுறை பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் அந்தப் பதிலை மழுப்பக் கூடாது. ஓர்க் குட்டி பற்றிய கேள்விக்கு அவர் விடை தேடிப் போன இடம் ஒரு கற்பனை உலகம் இல்லை, உண்மையான மனிதர்கள் உண்மையாகவே செத்த ஓர் ஆற்றங்கரை. 'இது வெறும் விளையாட்டுத்தானே' என்ற சமாதானம் அந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

விதிகளின் தருக்கத்துக்குள்ளேயே நின்று பார்த்தாலும் முரண்பாடு தெரியும். புலி, கரடி, பாம்பு போன்ற விலங்குகளுக்குப் பழைய நூல்கள் நடுநிலை என்று குறித்தன. 2008-இன் நான்காம் பதிப்பும் அதன் பின் ஐந்தாம் பதிப்பும் சார்பற்றவை என்று குறித்தன. தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லாத உயிரை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது என்பதே காரணம். அதே அளவுகோலை ஓர்க்கிடம் கொண்டு வாருங்கள். அதனால் வேறு விதமாக நடக்க முடியாது என்றால் அது புலியைப் போல, தீயது என்ற சொல் அதற்குப் பொருந்தாது. அதனால் வேறு விதமாக நடக்க முடியும் என்றால், ஒவ்வோர் ஓர்க்கும் என்ன செய்தது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அப்போது இன முத்திரை செல்லாது. ஓர் உயிருக்கு மொழியைக் கொடுத்து, குடும்பத்தைக் கொடுத்து, தெய்வத்தையும் கொடுத்துவிட்டு, மறுக்கும் உரிமையை மட்டும் கொடுக்காமல் விட்டார்கள். முழுச் சிக்கலும் இங்கேதான் என்பது என் முடிவு.

முத்திரையின் உறுதியையும் சற்றுச் சோதிக்கலாம். 1977-இல் ஒழுங்கு சார்ந்த தீமையாக இருந்த ஓர்க், 2000-இன் மூன்றாம் பதிப்பில் குழப்பம் சார்ந்த தீமையாக ஆகிவிட்டது. பதிப்பு மாறினால் பிறவி இயல்பு மாறுகிறது. அதைவிடச் சுவையானது 2003-இன் திருத்தப் பதிப்பு. 'எப்போதும்', 'வழக்கமாக', 'அடிக்கடி' என்று மூன்று அளவுகள் அதில் இருந்தன. ஓர்க்குக்குக் கிடைத்தது 'அடிக்கடி'. அந்தச் சொல்லுக்கு நூல் தந்த விளக்கம், 40 முதல் 50 சதவீதம் என்பது. அதாவது பாதிக்குக் குறையாத ஓர்க்குகள் குழப்பம் சார்ந்த தீயவை அல்ல என்று அதிகாரபூர்வ விதி நூலே சொல்லியிருக்கிறது. மேசைகளில் யாரும் அப்படி ஆடியதாகத் தெரியவில்லை. கட்டத்தில் தடித்த எழுத்தில் இருப்பதைத்தான் எல்லாரும் படித்தார்கள்.

ஏன் அப்படி? அலைன்மென்ட் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை தொடாமல் போகும் இடம் இது: விதிகள் எதற்குப் புள்ளி கொடுக்கின்றன என்பது. 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த தொடக்கநிலை நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் ஓர்க்கைக் கொன்றால் கிடைப்பது 10 அனுபவப் புள்ளி, அதுவும் குழு முழுவதற்கும் சேர்த்து. வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. 500 பொன் பெறுமானமுள்ள ஒரு ரத்தினத்தைச் சத்தமில்லாமல் எடுத்து வந்தால், ஐம்பது ஓர்க்குகளை வெட்டியதற்குச் சமம். அதோடு எதிர்வினைப் பகடை என்ற ஒன்றும் இருந்தது. எதிரியைச் சந்தித்ததும் டஞ்சன் மாஸ்டர் இரண்டு பகடைகளை உருட்டுவார். மொத்தம் 2 வந்தால்தான் உடனடித் தாக்குதல், அதற்கு 36-இல் ஒரு வாய்ப்பு. 3 முதல் 5 வரை பகைமை. 6 முதல் 8 வரை என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கும். 9 முதல் 11 வரை வந்தால் தாக்காது. 12 வந்தால் நட்புக் கரமே நீட்டும். பேசலாம், பேரம் பேசலாம், ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு மோதவிடலாம். 'பார்டர்லேண்ட்ஸ்' குகைகளிலும் காப்ளின்கள் ஒரு மூட்டைப் பொன்னைக் கொடுத்து அண்டைக் குகையில் வாழும் ஓகர் என்னும் பூதத்தைக் கூலிக்கு அழைக்கின்றன. தீயது என்று முத்திரை குத்திய அதே விளையாட்டின் நூல்கள், ஆட்டத்தின் நடைமுறையில் அந்த உயிர்களைப் பேசிப் பார்க்கத்தக்கவையாக வைத்திருந்தன.

1989-இன் இரண்டாம் பதிப்பு பொன்னுக்குப் புள்ளி என்ற விதியை விருப்பத்துக்கு விட்டது. மூன்றாம் பதிப்பில் எதிரிகளை வெல்வதே புள்ளிக்கு வழியாயிற்று. எதிர்வினைப் பகடை ஓரத்துக்குப் போயிற்று. தீமை என்ற முத்திரை மாறவில்லை, கூலி மாறியது. ஓர்க்கைக் கொல்வதுதான் முன்னேறும் வழி என்றான பிறகு, அது கொல்லத்தக்கது என்று நம்புவதும் எளிதாகிவிட்டது. ரிச் பர்லூ 2003 முதல் வரைந்துவரும் 'ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்' சித்திரக் கதை இதை நேராகவே கதையாக்கிவிட்டது. தங்கள் பூசாரிகள் கொன்று அனுபவப் புள்ளி சேர்ப்பதற்காகவே தெய்வங்கள் காப்ளின்களைப் படைத்தார்கள் என்று அதில் ஒரு காப்ளின் அறிந்துகொள்கிறது. பாலடின்கள் அழித்த கிராமத்தில் தப்பிப் பிழைத்த சிறுவன் அது. வளர்ந்து கதையின் பெரும் வில்லனாகிறது. எத்தனையோ ஆய்வுகளைவிட இந்தக் கோட்டோவியப் பாத்திரம் கேள்வியை ஆழமாகத் தோண்டியது.

வேறு வழி எப்போதும் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1978-இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' விளையாட்டில் அலைன்மென்ட்டே கிடையாது. கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த அதன் குளோரந்தா உலகில் ட்ரோல்களுக்கு வரலாறும் துயரமும் சமயமும் உண்டு. 2004-இல் கீத் பேக்கர் வடிவமைத்த எபரான் உலகம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரம்புக்குள்ளேயே முத்திரைகளைத் தளர்த்திக் காட்டியது. அங்கே பொன்னிற டிராகன் கெட்டதாக இருக்கலாம். வேற்றுலகப் படையெடுப்பிலிருந்து உலகைக் காத்த ட்ரூயிட் பூசாரியர் மரபு ஓர்க்குகளுடையது.

ட்ரோ எனப்படும் கரிய தோல் எல்ஃபுகளின் கதை வேறு மாதிரி. 1988-இல் ஆர்.ஏ. சால்வடோரின் நாவலில் வந்த ட்ரிஸ்ட் தன் இனத்தின் கொடுமையை மறுத்து வெளியேறியவன். இலட்சக்கணக்கான வாசகர்கள் அவனை நேசித்தார்கள். அந்த ஒருவனே இனம் முழுவதற்கும் தேர்வு உண்டு என்பதற்குச் சான்று. ஆனால் பல காலம் அவனை விதிவிலக்காகவே கொண்டாடினார்கள். நல்ல ஒருவனைக் காட்டி மற்ற அனைவரையும் கெட்டவர்களாக உறுதிப்படுத்தும் பழக்கம் எந்தச் சமூகத்துக்கும் புதிதில்லை.

இன முத்திரைக்கும் நிஜ உலக இனவாதத்துக்கும் உள்ள உறவை ஹெலன் யங் 2015-இல் வந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். விளையாட்டு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் மெண்டெஸ் ஹோட்ஸ் 2019-இல் எழுதிய கட்டுரை, ஓர்க்கின் வேரை ஆங்கிலேயரின் 'போர்க்குடி'க் கொள்கையோடு இணைத்தது. அந்தக் கொள்கையை நாம் அறிவோம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃப்ரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று முடிவு கட்டினார். பின்னாளில் மதராஸ் படைப்பிரிவுகள் பல கலைக்கப்பட்டன, அல்லது வடநாட்டவரைக் கொண்டு நிரப்பப்பட்டன. வீரம் பிறப்பில் இருக்கிறது, இனத்துக்கு இனம் அளந்து அட்டவணை போடலாம் என்ற அந்த எண்ணமும் 'மான்ஸ்டர் மேனுவல்' வரியும் ஒரே குடும்பம். ஹோட்ஸின் வாதத்தில் எல்லாக் கண்ணிகளும் சம அளவு உறுதியானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1958-இல் டோல்கீன் ஒரு கடிதத்தில் ஓர்க்கின் முகத்தை மங்கோலிய முகத்தின் கோரவடிவமாக வருணித்திருப்பது மறுக்க முடியாத சான்று.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பக்கமும் அந்த நூலில் உண்டு. 1977-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' ராட்சசர்களையும் சேர்த்துக்கொண்டது: புலித்தலை, இரை நம்புகிற உருவத்தில் தோன்றும் மாயம், ஒழுங்கு சார்ந்த தீமை, புனிதப்படுத்திய குறுக்குவில் அம்பு பட்டால் மரணம். அம்பும் மாயமும் 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'கோல்சாக்' தொடரின் ஒரு பகுதியிலிருந்து வந்தவை. இராமாயணத்தைப் படித்திருந்தால் அந்தத் தீமை என்ற வரியை எழுதக் கை தயங்கியிருக்கும். வீடணன் அரக்கர் குலத்தவன், கும்பகருணனும் அதே குலம். ஒருவன் அறத்துக்காக அண்ணனைவிட்டுப் பிரிகிறான், மற்றவன் தவறென்று தெரிந்தே அண்ணனுக்காகச் சாகிறான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒன்பது கட்டங்களில் எத்தனை கட்டங்களில் நிற்கிறார்கள் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அரசியலாகவும் ஆயிற்று. யாரை அரக்கர் என்றார்கள், ஏன் என்றார்கள் என்று கேட்டுப் புலவர் குழந்தை எழுதிய 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடை செய்யப்பட்டது. தடை நீங்கியது 1971-இல்தான்.

2020 ஜூன் மாதம், விளையாட்டை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம், ஓர்க்குகளும் ட்ரோக்களும் பிறவித் தீயவர்களாகக் காட்டப்பட்டது தவறு என்ற கருத்தில் அறிக்கை விட்டது. 2021 இறுதியில் பழைய நூல்களின் பல பத்திகள் நீக்கப்பட்டன. போட்டி விளையாட்டான 'பாத்ஃபைண்டர்' 2023-இன் மறுபதிப்பில் அலைன்மென்ட்டையே கைவிட்டது. அந்த இடத்தில், ஒரு பாத்திரம் செய்ய வேண்டியவை, ஒருபோதும் செய்யக் கூடாதவை என்ற இரண்டு பட்டியல்கள் வந்தன. இது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, ஏனென்றால் செயலைப் பார்க்கிறது. 2024-இன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டில் ஓர்க் ஆடத்தக்க இனமாயிற்று. 2025-இன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ஓர்க்குக்குத் தனிப் பக்கமே இல்லை. ஆனால் அதே நூல் நோல் என்னும் இனத்தைப் பிசாசு வகைக்கும் காப்ளின்களைத் தேவதைக் கதை உயிர்களின் வகைக்கும் மாற்றிவிட்டது. பிசாசு என்று பெயரிட்டுவிட்டால் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணமாகத்தான் இது படுகிறது. வகை மாற்றம் விடை ஆகாது.

எல்லா எதிரிகளுக்கும் நியாயம் இருக்க வேண்டும் என்றால் சாகசக் கதையே செத்துவிடும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதில் உண்மை உண்டு. கேட்பாரற்றுத் திரியும் பிணங்களும் தீமையின் சாரத்திலிருந்தே உருவான பேய்களும் கதைக்கு வேண்டும். அச்சத்துக்கும் ஒரு முகம் வேண்டும். அவற்றுக்குத் தாயில்லை, பிள்ளையில்லை, ஊரில்லை. ஆகவே அங்கே முத்திரை யாரையும் அவமதிப்பதில்லை. ஒரு கூட்டம் கொடுமை செய்வதாகக் காட்டுவதிலும் தவறில்லை. கொள்ளைக்கூட்டம், கொடுங்கோலனின் படை, நரபலி கேட்கும் சமயம் எல்லாம் செயலால் தீயவை, அவற்றோடு போரிட ஒன்பது கட்டம் தேவையே இல்லை. நரகத்தில்கூடத் தேர்வு உண்டு என்று இவ்விளையாட்டே காட்டியிருக்கிறது. 2019-இன் 'டிசென்ட் இன்டு அவர்னஸ்' சாகசத்தில் சாரியல் என்ற வீழ்ந்த தேவதையை ஆட்டக்காரர்கள் மீட்க முடியும்.

ஆகவே டஞ்சன் மாஸ்டராக உட்காரும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எதிர்வினைப் பகடையை மேசைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொன்றதற்குக் கொடுக்கும் புள்ளியைப் பேசித் தீர்த்ததற்கும் கொடுங்கள். உங்கள் குகையில் குட்டிகளை வைக்கப் போகிறீர்கள் என்றால், அவற்றைக் காப்பாற்ற நினைக்கும் ஆட்டக்காரருக்குப் போக ஒரு வழியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.